மேற்குச் சுவர் ஓரத்து ஈரம்

அன்பு மகள் செவஸ்திக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், மாத்திரையை மறக்காமல் போடுகிறேன், அந்த அளவுக்கு நலம். உன் தோள் வலி எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சமையலறையில் அந்தப் பெரிய பாத்திரங்களைத் தனியாகத் தூக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன், நீ எங்கே கேட்கப்போகிறாய். போன வாரம் நான் போன் செய்து, மெல்போர்னில் அது தூங்குகிற நேரம் என்றுகூட யோசிக்காமல் உன்னை எழுப்பி, எடுத்த எடுப்பில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டேன், நீ சொன்ன பதிலுக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ போனை எடுக்கவே இல்லை. எடுக்காதது சரிதான், நானாக இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் அந்தப் பேச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ அங்கே வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நடுவில் எனக்கு அழுகை வந்துவிடும், அல்லது உனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் கடிதம். பாதியில் கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

உன் அப்பாவை மண்ணிலிருந்து எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று பாதிரியார் யெராசிமோஸ் ஜனவரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று வருஷம் ஆனால் எலும்பை எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் போட்டுக் கோவில் எலும்பு அறையில் வைத்து, குழியை அடுத்தவருக்கு விட வேண்டும், நம் தீவில் மண் அவ்வளவுதான் இருக்கிறது, உனக்குத் தெரியாததா. பனிக்காலம் போகட்டும், மே மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். உன் தம்பி பாந்தெலிஸ் கூட வருவதாகத்தான் இருந்தது. கப்பல் ஏறுகிற அன்று காலையில் முழங்கால் வீங்கிவிட்டது என்றான். வீக்கம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, நான் அதைச் சொல்லவும் இல்லை. பாவம், அவனுக்குத் தீவில் இறங்க முகமில்லை. அவனுடைய மீன் சாப்பாட்டுக் கடைக்காகத்தான் அப்பா அந்த மேட்டு நிலத்தை விற்றார், கடையும் நிற்கவில்லை, இப்போது பிரேயஸ் துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய கிடங்கில் வண்டி ஓட்டுகிறான், முடி எல்லாம் கொட்டிவிட்டது. உன்னைப் பற்றி என்னிடம் கேட்பான், உன்னிடம் கேட்கமாட்டான். சரி, நான் தனியாகக் கிளம்பினேன், ஒரு பையில் துணி, இன்னொரு பையில் மது, வெள்ளைத் துண்டு, அப்பா பெயர் எழுதிய தகரப் பெட்டி.

நானும் அப்பாவும் தீவை விட்டுப் பிரேயஸுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அடக்கத்துக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது, அன்றைக்கே அடுத்த கப்பலில் திரும்பிவிட்டேன், ஊரைப் பார்க்கிற நிலையிலா இருந்தேன். இந்த முறைதான் கண்ணைத் திறந்துகொண்டு இறங்கினேன். இறங்கியதும் துறைமுகத்தில் ஒரு பையன் கையில் அட்டையோடு ஓடி வந்து எந்த ஹோட்டல் என்று ஆங்கிலத்தில் கேட்டான். என் வீட்டுக்குப் போகிறேன் தம்பி என்று நம் மொழியில் சொன்னேன். அவன் வெட்கப்பட்டு, மன்னிச்சுக்கோங்கம்மா, இந்த மாசத்துல ஊர்க்காரங்க யாரும் இறங்கறதில்லை என்றான். ஏதென்ஸ் பையன், நல்ல பிள்ளை, பையை வாங்கிக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் வந்தான். மேலே ஊருக்குள் போனால் நம் தெருவில் விளக்கு எரிகிற வீடு நம்முடையது மட்டும்தான், அதுவும் நான் போய் ஏற்றிய பிறகு. மற்ற வீட்டுக் கதவுகளில் எல்லாம் வாடகைக்கு வருகிற பயணிகளுக்காக எண் அழுத்தித் திறக்கிற பூட்டு. எல்லாக் கதவும் நீலம். நம் வீட்டுக் கதவு என்றைக்கும் பச்சை, எதிர்வீட்டுக் கதவு காவி நிறம், ஞாபகம் இருக்கிறதா, இப்போது ஊர் முழுக்க ஒரே நீலத்தை அப்பியிருக்கிறார்கள், நகராட்சியில் வேலை பார்க்கிற ஒருவன் வந்து என்னிடமும் நீலம் அடித்துவிடுங்கள், பார்க்க வருகிறவர்கள் நீலத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னான். பார்க்க வருகிறவர்கள் என் கதவுக்கு எண்ணெய் போட்டார்களா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டான். ரொட்டி அடுப்பு இருந்த இடத்தில் தொப்பி விற்கிறார்கள். ரொட்டி உறைந்து போய்க் கப்பலில் வருகிறது, நான் பிரேயஸிலிருந்து வந்த அதே கப்பலில். விடியற்காலை கோவில் மணி அடிப்பதில்லை, தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாம். அதற்குப் பதில் பயணிகள் பெட்டிகளின் சக்கரம் கல்லில் உருளுகிற சத்தம் விடியற்காலையில் எழுப்புகிறது. எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் வந்து, ஏன்டி பொலிக்ஸேனி, இளைச்சுப் போயிட்டே என்று கேட்கமாட்டார்களா என்று இருந்தது, கேட்க ஆளில்லை.

கேட்க வந்தவள் உன் அன்னேசா அத்தை ஒருத்திதான். அப்பாவின் சித்தப்பா மகள் என்று பெயருக்குச் சொல்வோமே தவிர, கூடப்பிறந்தவளைப் போலத்தான் அவள். கருப்பு உடுப்பை இன்னும் கழற்றவில்லை, அவள் புருஷன் மார்க்கோஸ் போய் ஐந்தாறு வருஷம் ஆகியும். ஊரில் எலும்பு கழுவத் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் அவளும் நானும் பாதிரியாரும் தோண்டுகிற ஆளும் இன்னும் இரண்டு மூன்று கிழவிகளும் புனித மரீனாள் கோவில் கல்லறைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேற்குச் சுவர் ஓரம், நம் தாத்தா காலத்திலிருந்து நம் குடும்பத்தை வைக்கிற இடம், முழுக்கப் பச்சை. மே மாதத்தில் நம் தீவில் பச்சையை யார் பார்த்தது, அதற்குள் எல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிடுமே. யாரோ புண்ணியவான் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். தோண்ட ஆரம்பித்ததும் அன்னேசா ஒப்பாரியை எடுத்தாள், அவள் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது, அப்பா பெயரைச் சொல்லி, நிக்கிதாஸ் அண்ணா வெளியே வா, வெயில் அடிக்குது, உன் பொண்டாட்டி மது கொண்டாந்திருக்கா என்று பாடினாள், நானும் அழுதேன், அது சுகமான அழுகைதான். மண்வெட்டி ஆழத்துக்குப் போனதும் அவள் குனிந்து பார்த்தாள். பாட்டு நடுவில் நின்றுவிட்டது. நான் என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை, நீ அவர் மகள். நான் வாங்கிப் போட்ட கருப்புக் கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டபடி இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் கரையவில்லை.

அப்பாவைப் பெற்றவளை எடுத்தபோது நீ சின்னப் பெண், எலும்பு மெழுகு மாதிரி மஞ்சளாக வந்தது, ஊரே கைகூப்பியது. அப்படி வந்தால் ஆத்மா இளைப்பாறிவிட்டது. கரையாமல் இருந்தால் யாரோ மனசு விடவில்லை, யாரோ மன்னிக்கவில்லை, மண் வாங்க மறுக்கிறது என்று அர்த்தம், இதை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாதிரியார் அவசர அவசரமாக ஜெபம் சொல்லி மண்ணை மூடச் சொன்னார். கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார்கள். அன்னேசா என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் மற்றவர்களுக்கும் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்:

"யார் மனசுல என்ன இருக்குன்னு கேளுங்க அண்ணி. மண்ணு சும்மா ஒருத்தரை வச்சிக்காது."

யாருடைய மனசு என்று அவள் பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. ஊருக்கே தெரியும். மேட்டு நிலத்தைப் பிறந்ததிலிருந்தே உனக்கு என்று சொல்லி வளர்த்தார், நீயும் படிப்பு முடித்துத் திரும்பி வந்து அங்கே தேனீப் பெட்டி வைத்தாய், தைலப் புதர் பூக்கிற மாதம் முழுக்க முகத்தில் வலையோடு அங்கேயே கிடந்தாய். ஒரு சனிக்கிழமை அளக்க வந்தவர்கள் கல்லில் சிவப்புச் சாயம் அடிப்பதைப் பார்த்துத்தான் அது விற்றுப்போனது உனக்குத் தெரியவந்தது. அதற்கப்புறம் நீ அவரோடு பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குக் காணாது. அடக்கத்துக்கும் வரவில்லை. இதெல்லாம் என் தலைக்குள் ஓட, கல்லறை வாசலிலேயே உட்கார்ந்து பாந்தெலிஸ் வாங்கிக் கொடுத்த போனில் உன்னைக் கூப்பிட்டேன். அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், இப்போதே சொல் என்றேன்.  இல்லம்மா, மன்னிக்கலை, உனக்காகப் பொய் சொல்லணுமா என்றாய். அப்போ அவர் அப்படியே கிடக்கட்டும், உனக்குச் சந்தோஷம்தானே என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எழுத மனசு இல்லை, ஆனால் நீ அதைக் கேட்டாய், அதனால் எழுதத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்க முடியும், நீங்கள் செய்ததற்கு இப்போது எங்களைப் படுத்துகிறீர்களே என்று திட்டினேன், விளக்கு ஏற்றினேன். எழுந்தபோதெல்லாம் பாவாடை பின்பக்கம் ஈரமாக இருந்தது. முதல் நாள் பனி என்று நினைத்தேன், இரண்டாம் நாள் என் வயதின்மேல் சந்தேகப்பட்டேன், சிரிக்காதே. அப்புறம்தான் மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தேன். ஈஸ்டர் முடிந்து ஒரு துளி மழை இல்லை, மண் சேறாகக் கையில் ஒட்டுகிறது. கடல் பக்கத்து மூலையில் போய்ப் பார்த்தால் அங்கே மண் மாவு போல உதிர்கிறது. சுவர் ஓரமாக நடந்தேன். சுவரில் பாசி. நம் ஊர்ச் சுவரில் பாசியை இத்தனை வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் அரளிச் செடி, ஆள் உயரம், வரிசையாக, நெருக்கமாக, அடியில் ஒரு கருப்புக் குழாய், அதிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர். அரளிக்கு அந்தப் பக்கம் நம் மேட்டு நிலம்.

அந்த இடத்தை விற்ற பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனேன், சேற்றுக் காலோடு வாசல் வழியாகவே நுழைந்தேன். முன்பு ஹோட்டலுக்காக நாலு அறை கட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இப்போது படிப்படியாக மலை பூராவும் அறைகள், நடுவில் நீச்சல் குளம், குளத்தைச் சுற்றிப் புல். புல், செவஸ்தி. ஒரு குடம் தண்ணீருக்குத் தொட்டியடியில் நாம் சண்டை போட்ட ஊரில் நடப்பதற்காகப் புல். கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் ஓடி வந்து உட்காரச் சொல்லிப் புதினா போட்ட தண்ணீர் கொடுத்தான், மரியாதையான பிள்ளை, வடக்கே எங்கேயோ பிறந்தவன். கீழே கல்லறையில் ஈரம் இறங்குகிறது, அந்தச் செடிக்கு விடுகிற தண்ணீரை நிறுத்துங்கள் என்று சொன்னேன். அவன் சங்கடமாகக் கையைப் பிசைந்தான். கடல் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் விடுகிறோம், யார் வீட்டுக் கிணற்றிலிருந்தும் எடுக்கவில்லை என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அந்தச் செடியை எடுக்க முடியாதும்மா. எடுத்தா விருந்தாளிங்களுக்குக் கல்லறை தெரியும்."

புதினாத் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். நம் ஆட்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக ஊற்றுகிற தண்ணீர் அது. உன் தேனீப் பெட்டி இருந்த இடத்தை மலை முகட்டை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன், அங்கே படுத்துக்கொள்கிற நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், ஒரு பெண் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தைலப் புதர் ஒன்றுகூட இல்லை, வேரோடு எடுத்துவிட்டார்கள். நான் அங்கே நின்று என்ன நினைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேராக அன்னேசா வீட்டுக்குப் போனேன். இது சாபம் இல்லை, தண்ணீர், வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், நாற்காலியில் உட்கார்ந்து தலைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் என்னடி என்ன என்று உலுக்கினேன். கடைசியில் சொன்னாள்:

"மார்க்கோஸும் கரையலை அண்ணி. எலும்பு அறையில நான் வச்சிருக்கறது காலிப் பெட்டி."

மெழுகு மாதிரி வந்தார் என்று ஊர் முழுக்கச் சொன்னாளே, பிரேயஸுக்குக்கூட அந்தச் செய்தி வந்து நான் பொறாமைப்பட்டேனே, எல்லாம் பொய். மார்க்கோஸும் அந்தச் சுவர் ஓரம்தான். விஷயம் வெளியே தெரிந்தால் மகனுக்குப் பெண் கிடைக்காது என்று பாதிரியார் காலில் விழுந்து, இரண்டு பேருமாக அவரைப் பழையபடி மூடிவிட்டு, காலிப் பெட்டியை வைத்து, அதற்கு முத்தம் கொடுத்து, விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். யார் மன்னிக்கவில்லை என்று தேடித் தேடி, மார்க்கோஸோடு எல்லைக் கல்லுக்குச் சண்டை போட்ட நாத்தனார் வீட்டுக்குப் போய், செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாளாம், அந்தப் பொம்பளை இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அப்படியிருந்தும் அன்றைக்குக் கல்லறையில் என்னிடம் அந்தப் பேச்சைப் பேசினாயே என்று கேட்டேன். வேற என்ன பேசறது, எனக்கு அன்னைக்குச் சொன்னாங்க, உங்களுக்கு நான் சொன்னேன் என்றாள். அவள் மகன் அந்த ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிறான். குழாயைத் திறந்து மூடுவது அவன்தான். அவன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியாரைப் போய்க் கேட்டேன், அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்தச் சுவர் ஓரத்தில் இந்தச் சில வருஷத்தில் திறந்த குழி ஒன்றுகூடச் சரியாக இல்லையாம். ஒவ்வொரு வீட்டிலும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து, வெளியே சொல்லாதீங்க சாமி என்று அவர் கையைப் பிடித்து அழுதார்களாம், அவரும் யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு அறை முழுக்கக் காலிப் பெட்டி. ஊர் முழுக்க ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தன் குடும்பத்தில் யார் சபித்தது என்று தேடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டிலும் அதே தேடல் நடக்கிறது என்று தெரியாமல். 

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அப்பா பெயரில் வேகவைத்த கோதுமை கொடுத்தேன், சர்க்கரையும் மாதுளையும் போட்டு நானே செய்தேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. எல்லாரும் கோவில் முற்றத்தில் கிண்ணத்தோடு நின்றபோது நான் படியில் ஏறி நின்றேன். உனக்குத் தெரியும், எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. என் வீட்டுக்காரர் கரையவில்லை, அந்தச் சுவர் ஓரம் பூராவும் ஈரம், மேலே இருந்து தண்ணீர் இறங்குகிறது, வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் அது சாபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொன்னேன். எல்லாரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்னேசா சுவரைப் பார்த்து நின்றாள். யானூலிஸ் கிழவன், அந்தக் காலத்தில் கப்பல் சமையல்காரனாக இருந்தவன், பொலிக்ஸேனிக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு என்றான், எல்லாரும் அப்பாடா என்று சிரித்தார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் அந்த ஹோட்டலில் சம்பளம் வாங்குகிறார்கள், அதையும் நான் யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மிச்சக் கோதுமையை நானே சாப்பிட்டேன். மறுநாள் பாதிரியார் வந்து, கடல் பக்கத்து மூலையில் இடம் கேட்டு ரகசியமாக மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்ததாகச் சொன்னார். முதலில் வந்தது யானூலிஸாம். அவன் மனைவி அந்தச் சுவர் ஓரத்தில்தான் இருக்கிறாள்.

அப்பாவை நேற்று மாற்றினோம். கடல் பக்கத்து மூலை முழுக்கப் பாறை, கடப்பாரை போட்டு உடைத்துத்தான் குழி எடுத்தார்கள், நல்ல காய்ந்த இடம், காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. தூக்கி வைக்கும்போது நான் திரும்பி நின்றுகொண்டேன். மூடுகிற நேரத்தில் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டு, கடவுள் இவரை மன்னிக்கட்டும், நானும் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். பாதிரியார் சொன்னார். அன்னேசா அழுதுகொண்டே சொன்னாள். நான் மண்ணை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எனக்கு வாய் வரவில்லை மகளே. பாதிரியார், துக்கம் தொண்டையை அடைக்குது, போட்டுடுங்கம்மா, கடவுளுக்குத் தெரியும் என்றார். போட்டுவிட்டேன்.

துக்கம் இல்லை அது. நீச்சல் குளத்தடியில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே நின்று நான் உன் தேனீக்களை நினைக்கவில்லை, அவரை நினைத்தேன், நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், நோயில் கிடந்தபோதும் அத்திப்பழம் வந்தால் தோலை உரித்து முதலில் என் தட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் தின்பார். ஆனால் என் பெண்ணை என்னிடமிருந்து உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பியவர் அவர். அதற்கப்புறமும் அவருக்குச் சமைத்தேன், துணி மடித்தேன், பக்கத்தில் படுத்தேன். அவரோடு வாழ வேண்டியிருந்தது, அதனால் மன்னித்தேனா இல்லையா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். ஊர் கேட்டது, யார் மனசு விடவில்லை என்று. நான் கடல் தாண்டி உன்னிடம் கேட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொன்ன பதிலைத்தான் நானும் சொல்லியிருப்பேன், நீ என்னைவிட முன்னால் சொன்னாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நன்றாகக் கேட்டுக்கொள், உன் வார்த்தைக்காக உன் அப்பா அங்கே கிடக்கவில்லை. இனிமேல் அந்தப் பாறை மண் அவரைத் தன்பாட்டுக்கு வாங்கிக்கொள்ளும், நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், நான் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும். நமக்கு அவசரம் இல்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், மரீனாள் உன் தோளில் கை வைக்கட்டும், உன் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். அங்கே குளிர்காலம் ஆரம்பித்திருக்கும், கம்பளி உள்சட்டை போடாமல் வெளியே போகாதே, டாக்டர் சொன்ன எண்ணெயைத் தடவு. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நான் பிரேயஸில் பாந்தெலிஸ் வீட்டில் இருப்பேன். போன் செய்வேன், எடு. அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

உன்னைப் பெற்றவள்,
பொலிக்ஸேனி